திக்காத பதில்

உங்களுக்கு,

நேரில் சொன்னால் சண்டையாகிவிடும். அதனால் சட்டைப் பையில் வைக்கிறேன்.

மேல்படிப்பு விசா நேர்காணலுக்கு நீங்கள் கண்ணாடி முன் பழகுவதை அடுக்களையிலிருந்து கேட்டேன். எந்தக் கல்லூரி, ஏன் இந்தப் பாடம் என்பதற்கெல்லாம் நாக்குக் குழறுகிறது. "படிச்சு முடிச்சதும் திரும்பி வந்துடுவேன் சார், என் மனைவி இங்கதான் இருக்கா" என்பது மட்டும் மடை திறந்தது போல வருகிறது.

ஏஜென்ட் "இதான் சார் வேணும்" என்று தட்டிக்கொடுத்தாராம். அவருக்கு உங்களைப் பற்றி என்ன தெரியும்? உடம்புக்கு ஒன்றுமில்லாத நாளில் அலுவலகத்துக்கு போன் போட்டு "காய்ச்சல் சார்" என்று சொல்லும்போதும் இதே சரளம்தான். என்னைப் பிடித்திருக்கிறது என்று முதன்முதலில் சொல்ல எவ்வளவு திக்கினீர்கள்.

அதிகாரி நம்பிவிடுவார். நாளைக் காலை நேர்காணலுக்குக் கிளம்பும்போது வாசலில் நானும் கேட்பேன், "திரும்பி வருவீங்களா?" என்று.

பொய்யாகவாவது கொஞ்சம் திக்குங்கள். 

இங்கேதான் இருக்கும்,
உங்கள் மனைவி