முந்தானையில் ஒரு கூடு

ஓரிக்கை,
காஞ்சிபுரம்.

அன்புள்ள நதியாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். இங்கே மழை இல்லை. உன் அக்கா வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நீ போனில் அனுப்பியதைப் பார்த்தேன். முதல் படத்தை மட்டும் அனுப்பிவிடுங்கள், குழந்தை நினைவாக என்னிடம் வேறு எதுவும் இல்லை என்று எழுதியிருந்தாய். போனில் பதில் எழுத வரவில்லை. அதனால் கடிதம்.

நீ அதை வரைந்தது ஞாபகம் இருக்கிறது. குழந்தையைப் புதைத்த மறுநாள். ஆஸ்பத்திரி. வலது கையில் டிரிப்ஸ், இடது கையில் பென்சில். ஜன்னலுக்கு வெளியே ஏசி பெட்டியின் மேல் ஒரு புறாக்கூடு. காலி. பக்கத்தில் ஒரு புறா, முதுகைக் காட்டிக்கொண்டு. கோடெல்லாம் நடுக்கம். இது விற்பனைக்கு வேண்டாம், எனக்கு மட்டும் ஒரு முந்தானை நெய்து கொடுங்கள் என்றாய்.

மாணிக்கவேல் அண்ணனிடம் காட்டினேன். நமக்கு வேலை கொடுக்கிற கடைக்காரர், காட்டாமல் எப்படி. "என்னாபா ஜான்சன், கூடு காலியா இருக்குது? கல்யாணப் பொண்ணு கட்டிக்கினு அழுவறதுக்கா?" என்றார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

பட்டில் புறா எடுபடாது என்றார். அன்னமாக்கினேன். கழுத்தை நீட்டினால் போதும், மீதி உன் கோடுதான். நீ முழுப் படமாக வரைந்திருந்தாய். தறிக்குப் பாதி போதும். மறுபாதியைத் தறிமேல் இருக்கிற ஜக்கார்டு பெட்டியே கண்ணாடிபோல் திருப்பி எடுத்துக்கொள்ளும். ஆக, ஒரு பறவை இரண்டானது. முதுகையும் திருப்பினேன். இப்போது ஒன்றையொன்று பார்க்கின்றன. நடுவில் கூடு. காலியாக விட்டால் துணியில் ஓட்டை மாதிரி தெரிந்தது. குஞ்சு வைத்தேன். பாதியில் ஒன்று, நெய்தால் இரண்டு. "இப்பத்தாம்பா உயிர் வந்துச்சு" என்றார்.

எல்லாம் உன் தாளிலேயே. அழித்து அழித்து வரைந்தேன். டிசைன் அப்படித்தான் வளரும் என்று எனக்குச் சொன்னது நீதான். நீ கேட்கிற முதல் படம் கடைசிப் படத்துக்கு அடியில் இருக்கிறது. தாள் இப்போது கடையில்.

சென்னையில் ஒரு கண்காட்சிக்குச் சேலை தேர்வாகியிருக்கிறது. முதல் யோசனையிலிருந்து சேலை வரை எல்லாப் படங்களையும் மாட்ட வேண்டுமாம். முதல் படம்தான் இல்லையே. நினைவிலிருந்து வரைந்தேன். கூடு வந்தது, புறா வந்தது, நடுக்கம் வரவில்லை. பென்சிலை இடது கைக்கு மாற்றினேன். வந்துவிட்டது. கீழே என் கையெழுத்து. உன் பெயரையும் போடலாம் என்றேன். ஒரு பெயர் போதும் என்றார் அண்ணன். நான் வாதாடவில்லை.

அம்மா சேலையைத் தடவிப் பார்த்தாள். "அவ கை வெச்சது எது முழுசா வந்துச்சு? நீயாச்சும் முடிச்சியேபா" என்றாள். மனதில் வைத்துக்கொள்ளாதே. உனக்காகத் தினமும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறவள்.

திறப்பு நாளில் நீ வரவேண்டும். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நில். முதல் படத்துக்கு முன்னால் மட்டும் நிற்காதே. கூடு ஏன் காலி என்று யாராவது கேட்டால் நீ வாய் திறக்காதே. பதிலை நான் சொல்லிக்கொள்கிறேன். அது ஆரம்ப நிலை, குஞ்சுகள் பிறகுதான் வந்தன என்று.

கர்த்தர் உன் மடியையும் அப்படியே நிரப்புவாராக.

அன்புடன்,
உன் ஜான்சன்