இடது கன்னத்து மச்சம்

என் மகளின் அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நாம் இல்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். நாட்டின் ஓவியர்களையும் சேகரிப்பாளர்களையும் பற்றி எங்கள் பதிப்பகம் ஒரு பெரிய புத்தகம் போடுகிறது. மெய்ப்புப் பார்ப்பது நான்தான். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நீங்கள் வரைந்த என் முகம். கீழே, 'யாரோ ஒருத்தி. தனியார் சேகரிப்பு.' விற்றுவிட்டீர்கள் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து மறுபடி பார்த்தேன். மறுபடி தண்ணீர்.

பக்கம் வடிவமைக்கும் பெண் எதிரே இருந்தாள். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அக்கா, படம் இடவலமா மாறியிருக்கு. உங்க மச்சம் இடது கன்னத்துலதானே?" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பதினெட்டு வருஷமாகப் பிழை பிடிக்கிறேன், இதைக் கோட்டை விட்டேன். கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம் அப்படித்தான் இருக்கிறது. எனக்குச் சரியாகவே பட்டது. எதிரே உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும். கல்யாணமான புதிதில் நாற்பது நாள் எதிரே உட்கார்ந்தவர் நீங்கள்.

படத்தைத் திருப்பியாயிற்று. "அப்ப தலைப்பு, அக்கா?" என்று கேட்டாள். "அது ஓவியர் வெச்சது. அவர் சொல்லாம நாம கை வைக்கக் கூடாது" என்றேன்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வியாழன் வரை தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருப்பேன். வேலை அப்படி.

இப்படிக்கு,
இடது கன்னத்தில் மச்சம் உள்ளவள்