குழாயைச் சுற்றிய சோப்பு

அன்புள்ள அண்ணா,

கல்பாத்தியில் எல்லோரும் சௌக்கியம். என் ஆத்துக்காரர், உன் மாப்பிள்ளை, மட்டும் முந்தாநாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

காரணம் ஆகாய விமானம். அறுவடை முடிந்த வயலில் ஒன்று வந்து இறங்கி, டிக்கெட் வாங்கினவர்களை ஊருக்கு மேலே சுற்றிக் காட்டியது. எங்கள் பெண் கமலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறுவதாக உன் மாப்பிள்ளை முடிவு செய்துவிட்டார். விமான எஞ்சின் மெக்கானிக்காக இருந்த நீ விமானத் தீயிலேயே போன பிறகும் இந்த வீட்டில் இப்படி ஓர் ஆசை.

நானும் கூடப் போனேன். ஏறுவதற்கு முன் எஞ்சின் மூடியைத் திறந்து காட்டச் சொன்னேன். அவர்களுடைய மெக்கானிக் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், மரியாதையாகத்தான் திறந்தார். பெட்ரோல் வரும் செப்புக்குழாயின் இணைப்பில் சோப்பைப் பூசி, நூலால் இறுக்கிச் சுற்றியிருந்தது. நேர் கீழே, தொட்டால் பொசுக்கும் புகைக்குழாய்.

"லேசாக் கசிஞ்சுதுங்க. சோப்பு பெட்ரோல்ல கரையாதுங்கம்மா," என்றார்.

"சோப்பு கரையாது, சரி. அதிர்ந்து அதிர்ந்து குழாயே விண்டு போனா?"

"அடுத்த ஊர்ல மாத்திப் போட்டுருவோமுங்க."

உன் மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆத்துல பாலை ரெண்டு தரம் மோந்து பார்ப்பா. இப்போ ஏரோப்ளேனையும் மோந்து பாக்கறா, கேட்டேளா," என்று கூட்டத்துக்குச் சொன்னார். நான் கமலத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் அழுதாள்.

விமானம் அன்று முழுக்கப் பறந்தது. ஒன்றும் ஆகவில்லை. தெருவே சிரிக்கிறது. எதிராத்து மாமி, "உங்கண்ணாவுக்கு வேளை வந்தது, போனான். பாவம், குழாய் என்னடி பண்ணும்?" என்கிறாள். உன் விமானத்தில் பெட்ரோல் சொட்டியது, சூடான இரும்பில் விழுந்தது, பற்றிக்கொண்டது. இதில் வேளை எங்கே வந்தது?

இவர்களை விடு. எனக்கு உன் மேல்தான் அதிகக் கோபம். அன்று உன்னோடு பறந்து, பின் இருக்கையில் இருந்ததால் பிழைத்த விமானி வந்து சொன்னார்: கசிவைக் காலையில் தொட்டுக் காட்டியதே நீதானாம். பெரிய மனிதர்கள் காத்திருக்கிறார்கள், சட்டென்று ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றதும் பேசாமல் நீயும் ஏறிக்கொண்டாயாம். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல உனக்கு என்ன கூச்சம், அண்ணா? யாருக்காக?

கமலம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், நான் எப்போ ஏறலாம் என்று. ஒருநாள் ஏறட்டும், தடுக்க மாட்டேன். ஆனால் எத்தனை பேர் காத்திருந்தாலும், எத்தனை பேர் சிரித்தாலும், இது சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்கிறவளாக அவளை வளர்ப்பேன். அது நான் உனக்குத் தரும் வாக்கு.

இன்னும் கோபம் ஆறாத உன் தங்கை,
விசாலம்