அதற்கு நான் சொன்ன பதில்

யூனிபார்மைத் துவைக்கும்போது பாக்கெட்டிலிருந்து இயர் பிளக் விழுந்தது. தகடு அழுத்தும் பிரஸ் லைன் சத்தத்துக்குக் காதில் அடைத்துக்கொள்ளக் கம்பெனியில் கொடுக்கிற ஆரஞ்சு ஸ்பாஞ்சு. சோப்புக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

சாப்பாட்டு நேரத்திலும் நான் அதைக் கழற்றாததை, லைனில் என் பக்கத்தில் நின்ற நீதான் கவனித்தாய். ஏன் என்று கேட்டாய். என்னைத் திட்டிக்கொண்டே இருக்கும் ஓர் ஆம்பளைக் குரல் கேட்காமல் இருக்கத்தான் என்றேன். வெளிச்சத்தம் அடங்கினதும் அது இன்னும் பெரிசாகக் கேட்கிறது என்றும் சொன்னேன். நீ சிரித்துவிட்டாய்.

"ஏட்டி கோட்டிக்காரி, திருடன வீட்டுக்குள்ள வச்சுல்லா பூட்டியிருக்க!"

பைத்தியக்காரி என்கிறாயே என்று எனக்குக் கோபம் வந்தது. "எனக்கும் ரெண்டு பேரு பேசுவாவ" என்றாய், குழம்பை ஊற்றிக்கொண்டே.

வீட்டில் எல்லோரும் கேட்பது, மாத்திரை போட்டாயா என்பது ஒன்றுதான். அது என்ன சொல்லுது என்று கேட்டவள் நீ.

"நீ எதுக்கும் லாயக்கில்லனு சொல்லிகினே கீது."

"யாரு குரல் மாரி இருக்கு?"

செத்துப்போன என் அப்பாவின் குரல் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

தண்டலத்தில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு என்னைக் கூட்டிப்போனாய். நம்மைப் போலக் குரல் கேட்கிறவர்கள் ஏழெட்டுப் பேர், ஒரு கவுன்சிலர் மேடம், பிளாஸ்டிக் நாற்காலி, டீ. மாத்திரையும் போட்டேன், அங்கே மனசு விட்டுப் பேசவும் பேசினேன். "டூட்டில இருக்கேன், சாயங்காலம் வான்னு அதுகிட்ட சொல்லிப் பாரு" என்றாய். சொன்னேன். பல நாள் அது அடங்கியிருந்தது.

பிறகு உனக்குக் காய்ச்சல். ஊருக்குப் போகிறேன் என்றாய். "லீவு போட்டா உன்ன வேற லைன்ல போட்டுடுவாங்க. ரெண்டு நாள் பாரு" என்றேன். பார்த்தாய். மூன்றாம் நாள்தான் பஸ் ஏறினாய். ஊரில் ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், நீ இல்லை என்று உன் தம்பி போன் பண்ணினான்.

அன்றிலிருந்து அந்தக் குரல் வேறொன்று சொல்கிறது. "நீதான் அவளைக் கொன்றாய்" என்று என்னைச் சொல்கிறது. சாயங்காலம் வா என்று அதைத் தள்ளிவைக்க என்னால் முடியவில்லை. உன் குரலாவது வருமா என்று காத்துக்கொண்டிருந்தேன். இத்தனை கேட்கிற காதுக்கு அது மட்டும் வரவே இல்லை.

போன ஞாயிறு கூட்டத்தில் இதைச் சொன்னேன். யாரும் சமாதானம் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுக்கு இன்னா பதில் சொல்லணுமோ இங்கயே சொல்லும்மா. நாங்க கீறோம்."

வாய்விட்டுச் சொன்னேன். "அவ சாவணும்னு சொல்லல. அவ இல்லாம அந்த லைன்ல நிக்க எனக்கு பயமா இருந்துச்சு. அவ்ளோதான்."

அது ஒன்றும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை.

உன் இடத்தில் இப்போது வேறொருத்தி நிற்கிறாள். அதே பயத்தோடுதான் தினமும் அவள் பக்கத்தில் போய் நிற்கிறேன்.