மாலை போட்ட படம்

என் மகனுக்கு,

வீடியோவில் பேசிய பிறகு ஏன் மறுபடி அழைக்கவில்லை என்று கேட்டிருந்தாய். இங்கே கேரளத்தில், ஹோட்டல் அடுக்களையில் ஓணத்து வேலை. முழங்கால் வலி வேறு. போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

உன்னைத் தேடித் தந்த ஹேமலதா டீச்சர் என்னைவிட அதிகம் அழுதார். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, என்னைப் போன்ற அகதிகளின் பிரிந்த சொந்தங்களைத் தேடுவதே அவர் வேலை. "மோனைக் கண்டுபிடிச்சாச்சில்லே அக்கா, இனி எதுக்கு அழறேள்?" என்றார். உனக்குப் பின்னால் சுவரில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

மாலை போட்ட என் படம். நீ சட்டென்று நகர்ந்து அதை மறைத்தாய். நான் ஏறிய படகு கவிழ்ந்துவிட்டது என்றுதானே உங்களுக்குச் சொன்னார்கள்? உன்மேல் என்ன பிழை?

அப்போது உள்ளே இருந்து ஒரு பெண், "தம்பி, தேத்தண்ணி ஆறுது" என்றார். "வாறன் அம்மா" என்றாய். அம்மா என்றதும் பதில் சொல்ல நானும் வாயைத் திறந்தேன்.

அப்பா மறுபடி கலியாணம் செய்ததில் எனக்குக் கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது, போகட்டும்.

என்னை உன்னிடம் வவுனியாவுக்கு அனுப்ப டீச்சர் ஏற்பாடு செய்கிறார். வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். நான் தேடாமலே இருந்திருக்கலாம்.

படத்தைக் கழற்ற வேண்டாம். அந்த மல்லிகை வாடவே இல்லை. அன்று காலையில் கட்டியது. நேரில் பார்த்தே இராத எனக்கு இத்தனை வருடம் பூக் கட்டியவரை நோகவிடாதே. அவரை அம்மா என்றே கூப்பிடு.

உன்னைப் பெற்றவள்