பிள்ளைகளின் காசு

1998 மார்ச் 9
பிள்ளைகளின் உதவிக்காசு இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கைக்கு வந்தது. தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுப்பது. இராயப்பு கரையில் செல்குண்டு விழுந்து செத்து இரண்டு வருசம். மகள் ஆன்சலாவுக்குப் பள்ளிக்கூடக் கொப்பிகள், செருப்பு. சின்னவன் ஜெனுசனின் மூச்சுமுட்டு வருத்தத்துக்கு மருந்து. மிச்சத்துக்கு அரிசி. தண்ணீரூற்றுக்கு இடம்பெயர்ந்து வந்தபிறகு, கடன் சொல்லாமல் நான் அரிசி வாங்கினது இன்றைக்குத்தான்.

ஜூன் 21, ஞாயிறு
பூசை முடிந்து வரும்போது சவிரிமுத்து கேட்டார். இராயப்புவோடு ஒரே வள்ளத்தில் கடற்றொழிலுக்குப் போனவர். சுற்றி வளைக்கவில்லை. "பிள்ளையளை நான் பாக்கிறன், மார்கிறட். நீங்கள் ஓம் எண்டால் பங்குச் சுவாமியோட கதைப்பம்."
வாய்வரைக்கும் ஓம் வந்தது. யோசிச்சுச் சொல்லுறன் எண்டன். என்னத்தை யோசிக்க?

ஜூன் 24
வேறு ஆருக்கோ கேட்பதுபோல, ஊரின் அரசாங்க அலுவல் பார்க்கிற விதானையாரிடம் விசாரித்தேன். தாய் மறுமணம் செய்தால் காசு நிற்குமாம். என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.
சவிரிமுத்துவுக்குச் சொந்த வள்ளம் இல்லை, கூலிக்குப் போகிறார். கடலுக்கு இறங்க ஏலாத கிழமைகளில் அவருக்கே சாப்பாடில்லை. மருந்து ஆர் வாங்குறது?

ஜூலை 5
ஜெனுசன் கொஞ்சம் வளரட்டும், பொறுங்கோ என்றேன். எவ்வளவு காலம் என்று கேட்டார். தெரியாது எண்டன். தலையாட்டிவிட்டுப் போனார். கோவிச்சிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

ஒக்ரோபர் 30
மழை விடவில்லை. ஜெனுசனுக்குக் கடும் இழுப்பு. சவிரிமுத்துதான் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனார். பக்கத்து வீட்டுக் கமலாட்சி வேலியால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டிசெம்பர் 8
காசு இல்லை. நான் ஒரு ஆம்பிளையோட குடும்பம் நடத்துறனாம். ஆரோ சொல்லியிருக்கினம். விசாரணை முடியும்வரைக்கும் நிப்பாட்டியாச்சாம்.
அந்த மனுசனை உள்ளுக்கு இருத்தி ஒரு தேத்தண்ணிகூட நான் குடுக்கேல்லை. பிள்ளையளுக்காகத்தானே பொறுங்கோ எண்டனான் — அதுக்கு இதுதானா?

டிசெம்பர் 9
அழுது முடிஞ்சுது. காசுதான் போச்சே, இனி எதுக்குப் பயப்பட? ஓம் எண்டு சொல்லப்போறன். நத்தார்ப் பெருநாளுக்குப் பிறகு கலியாணத்தை வைக்கலாம். ஆன்சலாவிடம் சொன்னேன். சிரித்தாள்.

டிசெம்பர் 13
கரைக்குப் போய் சவிரிமுத்துவின் வாடிக் குடிலில் அவரைக் கண்டேன். நான் வாய் திறக்கமுன் அவர் தொடங்கிவிட்டார். அவருடைய தமக்கை கனநாளாக அவருக்கு ஒரு பெண்ணைப் பேசிக்கொண்டிருந்தவவாம்.
"என்னாலதானே உங்களுக்குக் காசு நிண்டது. நான் கலியாணம் முடிச்சால் அந்தக் கதையும் நிண்டுபோம். நேற்று அவையளுக்குச் சம்மதம் சொல்லிப்போட்டன்."
பிறகு, நான் வந்த அலுவலைக் கேட்டார்.
சும்மா எண்டன்.

டிசெம்பர் 14
ஆன்சலா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

1999 ஜனவரி 24
கலியாண வீட்டுக்குப் போனேன். போகாட்டில் அதுக்கும் கதை வரும். பெண் சாந்தமான பிள்ளை. ஆன்சலா வரமாட்டன் எண்டு சொல்லி வீட்டில் படுத்திருந்தாள்.

மார்ச் 8
விதானையார் சொல்லியனுப்பினார். என்னில் பிழை இல்லையாம், காசு திரும்ப வருமாம். பணிமனைக்குப் போனேன். கிளாக்கர் நிமிர்ந்து பார்க்காமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். பேர். பிள்ளைகளின் வயது. கடைசியாக, மறுமணம் செய்யும் எண்ணம் உண்டோ என்றார்.
இல்லை எண்டன்.
எழுதிக்கொண்டார். வரிசையில் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற இளம்பெண்ணுக்கு இடம்விட்டு விலகினேன்.