இருட்டுவதற்குள் வெந்துவிடக் கூடாது

வியாழன்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை.
மகள் கலா போன் செய்தாள். சனிக்கிழமை அவளும் மருமகனும் வருகிறார்களாம். ஆட்டுத் தொடையைக் கையகலத் துண்டாக வெட்டி, மிளகு, பூண்டு, கிச்சாப் என்கிற கறுப்புச் சோயா சாஸ் போட்டு ஊறவைத்துக் கொண்டுவருவாளாம். "ஸ்டேக்மா. நீ ஒண்ணும் சமைக்காத. வாசல்ல நெருப்புப் போட்டு வாட்டி, சாப்ட்டுட்டு, எட்டு மணிக்கெல்லாம் கெளம்பிடுவோம்."
இருட்டிலா, அந்த ரோட்டிலா என்று கேட்க வாய் வரவில்லை. ஆறாங்கட்டை மைல்கல் வளைவு. என் வீட்டுக்காரர் போய் நாலு மாதம். அன்றைக்கும் இருட்டுத்தான். செம்பனைத் தோட்டத்துக்குள்ளிருந்து காட்டுப்பன்றி குறுக்கே ஓடி, மோட்டார் சைக்கிள் சாய்ந்து. பையில் பச்சைக் கோழிக்கறி. அதன் மேல் ஒரு கரித்துண்டு இல்லை, ஓர் ஆணி இல்லை. லயத்து வீடுகளில் இன்னும் அதைத்தான் பேசுகிறார்கள். காத்து கருப்பு அடித்துவிட்டதாம்.
பன்றிதான். எனக்குத் தெரியும். ஆனாலும்.

வெள்ளி
தூக்கமில்லை. வாசலில் நாலு செங்கல், மேலே பழைய கம்பி வலை. வாங்க வேண்டியது: எலுமிச்சை, வெள்ளரிக்காய், ரொட்டி.
கலாவுக்குப் போன். வரும்போது இறைச்சி மேல் ஒரு துண்டு அடுப்புக்கரி வை என்றேன். சிரித்தாள். "ஒரு துண்டா? ஒரு மூட்டயே வருது லா! எந்தப் பேயும் கிட்ட வராது."
நானும் சிரித்தேன். போனை வைத்ததும் வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்தேன்.

சனி
வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டார்கள். கலா இளைத்திருக்கிறாள். சுங்கை காடுட் பேக்டரியில் ஓவர்டைமாம்.
அவள் குளிக்கப் போனாள். மருமகன் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு செம்புத் தண்ணீரைக் கரி மூட்டைக்குள் ஊற்றிவிட்டேன். நெருப்புப் பிடிக்க நேரமானால் சாப்பிட நேரமாகும். நேரமானால் தங்குவார்கள். அவ்வளவுதான் யோசித்தது.
ஒரே புகை. மருமகன் அட்டையால் விசிறி விசிறிக் கண் சிவந்துவிட்டது.
"தோசக்கல்லுல போட்ருவோம், அஞ்சு நிமிசம்" என்றாள் கலா.
மருமகன் மூட்டைக்குள் கையை விட்டார். ஈரக்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வெள்ளரிக்காயைப் பார்த்தேன்.
"கடக்காரன் நனஞ்ச மூட்டய நம்ம தலயில கட்டிட்டான்" என்றார். "கல்லுல போட்டா ருசி வராது. மெதுவா ஆகட்டும்."
"ஒங்களுக்கு நாளக்கி லீவுன்ற சோம்பேறித்தனம்!"
வெந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. மேலே கருகல், உள்ளே மெத்து. கலா முதல் துண்டில் எலுமிச்சை பிழிந்து அப்பா படத்துக்கு முன்னால் வைத்தாள்.
"கொழுப்பு வாசனையோட ராத்திரி ரோட்டுல போகக்கூடாது கலா" என்றேன்.
"ஆரம்பிச்சிட்டியா? சரி, பாயப் போடு லா."

ஞாயிறு
பனி. செம்பனை ஓலை கூடத் தெரியவில்லை.
டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். ஹெல்மெட் மாட்டும்போது மருமகன், கலாவுக்குக் கேட்காமல்: "அத்த, அடுத்த தடவ தங்குங்கன்னு சொல்லுங்க, தங்குறோம். கரி என்னா பாவம் பண்ணுச்சு?"
முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?
வாசலில் நின்று மோட்டார் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். வளைவுக்கிட்டே குறைந்தது. நின்றே போய்விட்டது. அப்படியே செங்கல் மேல் உட்கார்ந்தேன்.
அப்புறம் ஹார்ன். ரெண்டு தடவை. வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து.